ஹெவி டியூட்டி: கனரகமா, கடும்பணியா?

பழைய அமெரிக்க பிக்கப் வண்டிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘லைட் டியூட்டி’, ‘ஹெவி டியூட்டி’ என்ற சொற்கள் வராமல் இருக்காது. லைட், ஹெவி இரண்டும் எல்லோருக்கும் புரியும். சிக்கல் டியூட்டியில்தான்.

‘கடன்பட்டிருத்தல்’ என்ற பொருள் கொண்ட ‘டெபேரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. கடமைக்கும் டியூட்டி, சுங்க வரிக்கும் டியூட்டி. தமிழிலும் கடன், கடமை இரண்டும் ஒரே குடும்பம். சோழர் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பதே ஒரு வரியின் பெயர். இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

இயந்திரங்களுக்கு இந்தச் சொல் பழக்கமானதில் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களுக்குப் பங்கு உண்டு. அங்கே தண்ணீர் இறைத்த நீராவி எந்திரம் ஒரு புஷல் (பழைய முகத்தல் அளவு) நிலக்கரியில் எத்தனை பவுண்டு தண்ணீரை ஓர் அடி உயரம் தூக்குகிறது என்பதே அதன் ‘டியூட்டி’. 1811 முதல் எந்த எந்திரம் எவ்வளவு என்று அச்சிட்டே வெளியிட்டார்கள். ஆக, டியூட்டி என்றால் இயந்திரத்திடம் வாங்கும் வேலை. அதன் எடையோ பருமனோ இதில் வரவில்லை.

பிக்கப் வண்டிகளுக்கு வருவோம். ஃபோர்டு 1953இல் எஃப்-100, எஃப்-250, எஃப்-350 என்று பெயர் வைத்தது. ஷெவர்லேயில் சி10, சி20, சி30. டாட்ஜில் டி100, டி200, டி300. வரிசையாக அரை டன், முக்கால் டன், ஒரு டன் வண்டிகள் என்பார்கள். அமெரிக்க டன் 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ. அந்தக் கணக்கில் அரை டன் வண்டி ஏறக்குறைய 450 கிலோ ஏற்றலாம். பின்னால் வந்த வண்டிகள் இதைவிட அதிகம் சுமந்தன. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பெயரைக் குழப்பியதில் அரசு விதிகளுக்கும் பங்கு உண்டு. சுமையும் சேர்த்து மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்குள் இருந்த வண்டிகளுக்கு 1975இல் புகை விதி இறுகியது. அதே ஆண்டு ஃபோர்டு, விதியில் சிக்காமல் வரம்பைச் சற்றே தாண்டும்படி எஃப்-150ஐ இறக்கியது. ‘கனத்த அரை டன்’ என்று அதற்குப் பட்டப்பெயர். 1979இல் விதியின் எல்லை 8,500 பவுண்டுக்கு நகர்ந்தது. அதற்குக் கீழே லைட் டியூட்டி, மேலே ஹெவி டியூட்டி.

இதனால் ஒரே பெயரில் இரண்டு வண்டிகள் ஓடின. 1980களின் பிற்பகுதியில் வந்த எஃப்-250இலேயே 8,500க்குக் கீழும் உண்டு, மேலும் உண்டு. கதவில் ஒட்டிய பெயர்ப்பட்டையை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறலாம். பின் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

லைட் டியூட்டியில் பெரும்பாலும் பாதி மிதக்கும் ஆக்சில் (சக்கர அச்சு). சக்கரத்தைச் சுழற்றும் தண்டே வண்டியின் பாரத்தையும் தாங்கும். தண்டு முறிந்தால் சக்கரமே கழன்று ஓடலாம். ஹெவி டியூட்டியில் முழுதும் மிதக்கும் ஆக்சில். பாரம் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் பேரிங் வழியாக ஆக்சில் கூட்டின் மேல் இறங்கும். தண்டின் வேலை சுழற்றுவது மட்டுமே. சக்கரத்தைக் கழற்றாமல் தண்டை மட்டும் வெளியே உருவிவிடலாம். சக்கரத்தின் நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் சுற்றிவர போல்ட்டுகள் இருந்தால் அது முழுதும் மிதக்கும் ஆக்சில்.

சக்கர நட்டுகளை எண்ணுவதும் உதவும். 1990களின் ஷெவர்லே சி2500இல் 6 நட்டு இருந்தால் இலேசானது, 8 இருந்தால் கனமானது. 1997இல் வந்த இலேசான எஃப்-250இல் 7 நட்டு! இன்று அதற்குப் பொருந்தும் சக்கரம் தேடுவது தனிப் பாடு. கமான் பட்டைகள், பிரேக், வண்டியின் அடிச்சட்டம் எல்லாமே மாறும். எஞ்சின் மட்டும் பல நேரம் ஒன்றேதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்திகளில் ‘கனரக’ என்று எழுதிவிடுகிறோம். கனம் வடமொழிச் சொல், ரகம் உருது வழி வந்தது. அதில் எனக்கு வழக்கில்லை. பெரிய லாரி, டிரெய்லருக்குக் கனரக வாகனம் என்பது சரியான சொல். எஃப்-250ஐ அப்படிச் சொன்னால் படிப்பவர் மனத்தில் பத்துச் சக்கர லாரிதான் வரும். வாங்கும் வேலையைக் குறிக்க வேண்டும் என்றால் ஹெவி டியூட்டிக்குக் ‘கடும்பணி’, லைட் டியூட்டிக்கு ‘இலகுபணி’ என்பேன். கடும்பணி பிக்கப், கடும்பணி ஆக்சில், கடும்பணி பேட்டரி, எங்கே வைத்தாலும் உட்கார்கிறது. 1999இல் ஃபோர்டு தனி வரிசையாகப் பிரித்த ‘சூப்பர் டியூட்டி’ மட்டும் விற்பனைப் பெயர். அதை அப்படியே எழுதினால் போதும்.