குப்பியை விட்டு வெளியே வரும் நன்னாரி

சித்திரை வெயிலில் பாளையங்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண் தேடுவது நன்னாரி சர்பத்தைத்தான். அந்த வாசம் வேரில் இருக்கிறது. வேருக்காகத் தூரோடு தோண்டினால் கொடியே போய்விடும். காட்டை நம்பிக்கொண்டிருக்காமல் தோட்டத்தில் பயிரிட வேண்டும், அதற்குக் கன்று வேண்டும். திசு வளர்ப்புக் கூடத்தில் என் வேலை அந்தக் கன்றை உண்டாக்குவது.

நல்ல தாய்க்கொடியிலிருந்து ஒற்றைக் கணுவை நறுக்கி, கிருமி நீக்கி, சத்துக் கூழ் நிரப்பிய கண்ணாடிக் குப்பிக்குள் வைக்கிறோம். வெட்டிய இடத்தில் பால் வடிந்து கூழ் பழுப்பேறினால் உடனே புதுக் கூழுக்கு மாற்ற வேண்டும். முராஷிகே, ஸ்கூக் என்ற இருவர் 1962-இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த உப்புக் கலவைதான் அந்தக் கூழுக்கு இன்றும் அடிப்படை. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையும் கெட்டிப்படுத்த அகரும் சேரும். இரண்டு வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு: சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் தளிர் வெடிக்கும், ஆக்சின் கொடுத்தால் வேர் விடும்.

இதுவரை எல்லாம் கூடத்துக்குள் நடப்பவை. கன்று சாவது வெளியே வந்த பிறகுதான்.

வள்ளியூர்ப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் போன ஆடியில் ஓர் இடத்தில் கன்று வாங்கி, அன்றைக்கே தோட்டத்தில் நட்டிருக்கிறார். ஒரு வாரத்தில் முக்கால்வாசி கருகிவிட்டது. "லேபு கன்னு நம்ம மண்ணுக்கு ஒத்துக்கிடாது போல, தம்பி" என்றார். மண் என்ன செய்யும், அண்ணாச்சி? குப்பிக்குள் காற்று முழுக்க ஈரம், சாப்பாட்டுக்குச் சர்க்கரை. அங்கே வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு சரியாகப் படிந்திருக்காது; இலைத்துளைகளுக்கும் வேண்டும்போது மூடிக்கொள்ளத் தெரியாது. அதைக் கொண்டுபோய்க் காற்றாலை சுற்றும் ஊரில், ஆடி மேல்காற்றில் நிறுத்தினால் நின்ற நிலையில் காய்ந்துவிடும். மிஞ்சியவற்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேரில் கூழ்கூட ஒட்டியிருந்தது. அந்தச் சர்க்கரையில் பூஞ்சை பிடிக்கும் என்பது விற்றவருக்குத் தெரியாமலா இருக்கும்? இன்னும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

கூழை நன்றாகக் கழுவி, தென்னைநார்த் தூளும் மணலும் கலந்த தட்டில் ஊன்றி, முதலில் பாலித்தீன் மூடாக்கில் வைக்க வேண்டும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, பிறகு நிழல்வலைக்கு மாற்ற வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புது இலை விட்ட கன்றையே வாங்குங்கள். நம் பக்கத்தில் நடுவதற்கு ஐப்பசி மழையே தோது.

எல்லாச் செடிக்கும் இந்தச் செலவு தேவையில்லை. கற்பூரவல்லிக்கு ஒரு குச்சி போதும், வெட்டிவேருக்குத் தூரைப் பிரித்து நட்டால் போதும், துளசிக்கு விதை இருக்கிறது. அவற்றையும் லேப் கன்று என்று விலை ஏற்றிச் சொன்னால் வாங்காதீர்கள்.

நன்னாரிக்கு மட்டும் இரண்டு கேள்வி கேளுங்கள். கணுவிலிருந்து நேரே எடுத்ததா, இல்லை உருவமற்ற திசுக்கட்டியாக வளரவிட்டு அதிலிருந்து எடுத்ததா? கட்டி வழியாக வந்தால் குணம் மாற வாய்ப்பு அதிகம். அடுத்தது தாய்க்கொடி எது என்பது. தாயின் வேரில் வாசம் குறைவென்றால் அதிலிருந்து எடுத்த ஆயிரம் கன்றும் அப்படித்தான் இருக்கும். அதன் வேரில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.