மின்சாரம் காலைத் தூக்கிவிடுவதில்லை

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனவர் இருக்கும் வீட்டுக்கு, எப்படியும் ஒரு காணொளி வந்து சேரும். சக்கர நாற்காலியில் இருந்தவர் எழுந்து நடப்பார். "கரண்ட் வைத்தார்களாம்" என்று கீழே ஒரு வரி இருக்கும். வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்த தம்பிக்கு ஊரிலிருந்து அண்ணன் அனுப்புவார். சிங்கப்பூரின் தோ பாயோவில் இருக்கும் அத்தையும் அனுப்புவார். உடனே ஒரு கேள்வி வரும்: பிசியோவில் தொடையில் ஒட்டுகிறார்களே, அதுதானே இது?

இல்லை. தொடையில் ஒட்டும் பேட், தோலுக்கு அடியில் உள்ள நரம்பைத் தூண்டித் தசையை நேரடியாகச் சுருங்க வைக்கிறது. தசை மெலியாமல் இருக்க அது நல்லது, விடவேண்டாம். ஆனால் தசை சீக்கிரம் களைத்துவிடும். உடல் தானாக அசையும்போது, களைப்பைத் தாங்கும் தசை இழைகளை முதலில் வேலைக்கு இழுக்கும். வெளியிலிருந்து வரும் மின்சாரம் அந்த வரிசையைப் பார்ப்பதில்லை.

காணொளியில் இருப்பது வேறு சிகிச்சை. காயத்துக்குக் கீழே, கால்களை ஆளும் தண்டுவடப் பகுதியின் உறைமேல், மின்முனைகள் பதித்த மெல்லிய பட்டை ஒன்றை அறுவை செய்து வைக்கிறார்கள். தீராத வலிக்காக வந்த கருவிதான் இது. அதன் மின்துடிப்பு முக்கியமாகச் சேர்வது, தசை எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்ற தகவலைக் காலிலிருந்து கொண்டுவரும் உணர்வு நரம்புகளில். அவை தண்டுவடத்துக்குள் போய், தசைக்குக் கட்டளை அனுப்பும் செல்களை உசுப்புகின்றன.

அந்தச் செல்கள் சாகவில்லை. மூளையின் தூண்டுதல் வராததால் அடங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். விளிம்புவரை நிரம்பிய குவளை வழிய ஒரு சொட்டு போதும். மின்சாரம் செய்வது விளிம்புவரை நிரப்பும் வேலை. அப்புறம் பாதத்தில் இறங்கும் உடல் எடையோ, காயத்தைத் தாண்டி மிஞ்சிய சில நரம்பிழைகள் வழியாக வரும் மூளையின் மெல்லிய சமிக்ஞையோ அந்தச் சொட்டாகிறது.

2011-ல் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. கால்களை அசைக்கவே முடியாதிருந்த இளைஞர் ஒருவர், மின்தூண்டலோடு எழுந்து நின்றார். ஏழு மாதப் பயிற்சிக்குப் பிறகு, தானே நினைத்துக் காலின் சில பகுதிகளை அசைத்தார். கருவியை நிறுத்தினால் அந்த அசைவு இல்லை. சோதனையில் "முழுமையான காயம்" என்று எழுதப்பட்டவரிடமும் சில இழைகள் உயிரோடு இருக்கலாம் என்பதை மருத்துவ உலகம் அதன்பின் புறக்கணிக்க முடியவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வுக் குழு கண்டுபிடித்த விஷயம். எலிகளிடம் நன்றாக வேலைசெய்த இடைவிடாத தூண்டல், மனிதர்களிடம் அவ்வளவாகப் பலிக்கவில்லை. காரணம், நாம் கொடுக்கும் துடிப்பு அதே நரம்பில் காலிலிருந்து மேலே வரும் இயல்பான தகவலோடு மோதி அதை அழித்துவிடுகிறது. கால் எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது. அதனால் அடியெடுத்து வைக்கும் நேரம் பார்த்து, அந்தந்தத் தசைக்கு மட்டும் விட்டுவிட்டுத் துடிப்பு கொடுத்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வில் நோயாளிகள் சில நாளிலேயே, உடல் எடையைத் தாங்கும் வார்ப்பட்டையின் துணையோடு நடந்தார்கள். 2023-ல் இதே குழு, மூளையில் வைத்த கருவியையும் தண்டுவடக் கருவியையும் இணைத்து, நெதர்லாந்துக்காரர் ஒருவரை அவர் நினைப்புக்கேற்ப நடக்க வைத்தது.

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கை தளர்ந்தவர்களுக்கு அறுவை இல்லாத வழியும் உண்டு. கழுத்துத் தோலில் ஒட்டும் கருவியை 60 பேரிடம் சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள். 72 விழுக்காட்டினருக்குக் கை வலிமையும் பயன்பாடும் கூடின. சிங்கப்பூரிலும் தேசிய நரம்பியல் கழக மருத்துவர்கள் பதிக்கும் கருவியைச் சிலரிடம் சிறிய அளவில் சோதித்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் கருவியோடு கடுமையான பயிற்சியும் சேர்ந்தே நடந்தது. காணொளியில் அது தெரியாது. நிமிர்ந்து உட்கார்ந்ததும் ரத்த அழுத்தம் விழுந்து தலைசுற்றுகிறவர்களுக்கு அதை நிலைப்படுத்தவும் இதே தூண்டலைச் சோதித்துவருகிறார்கள். நடப்பதைப் பற்றி மட்டும் டாக்டரிடம் கேட்காமல், இதையும் கேளுங்கள்.