நன்றாக எரியாத சுடர்தான் நல்ல மை தரும்

வீட்டில் கண் மை செய்வது எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே செய்முறையைத்தான் சொல்வார்கள். வெள்ளைப் பருத்தித் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும், அதைத் திரியாகத் திரித்து விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் ஏற்ற வேண்டும், இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மேலே ஒரு செம்புத் தட்டையோ பித்தளைத் தட்டையோ கவிழ்க்க வேண்டும். தட்டின் அடியில் படியும் கரியைச் சுரண்டி, சொட்டு விளக்கெண்ணெயோ நெய்யோ விட்டுக் குழைத்தால் மை. சரி, இதில் எது உண்மையில் வேலை செய்கிறது?

எண்ணெய் அப்படியே தீப்பிடிப்பதில்லை. திரியின் இழைகளுக்கு நடுவே ஏறி, நுனியில் சூடேறிச் சிதைந்து வாயுவாக வெளியே வருவதுதான் எரிகிறது. அதற்கான ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்துதான் வர வேண்டும், அதனால் சுடரின் உள்ளே ஆக்சிஜனுக்கு எப்போதும் பஞ்சம். அங்கே எண்ணெயின் நீளமான கார்பன் சங்கிலிகள் எரிய வழியில்லாமல் உடைந்து, வளையம் வளையமாகக் கூடி, பெரும்பாலும் 20 முதல் 50 நானோமீட்டர் குறுக்களவுள்ள கரி உருண்டைகளாகத் திரள்கின்றன. விளக்குச் சுடர் மஞ்சளாகத் தெரிவதே இந்தத் துகள்கள் சூட்டில் ஒளிர்வதால்தான். தொந்தரவு இல்லாமல் விட்டால் இவை மேலே போகும்போது காற்று கிடைத்து எரிந்துவிடும், புகையே தெரியாது. நாம் அதைக் கெடுக்கிறோம். தட்டு சுடரின் நுனியைத் தொட்டதும் அந்த இடம் சட்டென்று குளிர்ந்து, எரிவது பாதியில் நின்று, கரி தப்பிவிடுகிறது.

தப்பிய கரி ஏன் காற்றோடு போகாமல் தட்டில் ஒட்டுகிறது? துகளின் சூடான பக்கத்தில் வாயு மூலக்கூறுகள் வேகமாக மோதும், குளிர்ந்த பக்கத்தில் மெதுவாக மோதும், ஆக அது குளிர்ந்த பக்கமாகவே தள்ளப்படும். தெர்மோஃபோரெசிஸ் என்று இதற்குப் பெயர். செம்பும் பித்தளையும் வெப்பத்தை உடனே பரப்பிவிடுவதால் நல்ல தேர்வு, மற்றபடி உலோகத்தில் மருத்துவ மகிமை எதுவும் தேவையில்லை. தட்டை ரொம்பத் தாழ்த்தினால் எரியாத எண்ணெய் ஆவியும் சேர்ந்து படிந்து பழுப்பாக, பிசுபிசுவென்று வரும். ரொம்ப உயர்த்தினால் கரி மேலே வருவதற்குள் எரிந்துபோகும், தட்டில் ஒன்றும் தேறாது. நுனி தட்டில் பட்டு விரியும் உயரம்தான் கணக்கு.

கரிசலாங்கண்ணி விஷயத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சுடரின் சூடான பகுதி 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும், இலையின் மருந்துப் பொருட்கள் அதற்குள் நுழைந்து அதே உருவில் தட்டுக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. தாது உப்பு திரியிலேயே சாம்பலாக நின்றுவிடும். கிடைப்பது எந்தத் திரியிலும் கிடைக்கிற கார்பன்தான். சிலர் கர்ப்பூரம் ஏற்றுகிறார்கள், அதில் கார்பன் அதிகம் என்பதால் கரி மளமளவென்று சேரும், ஆனால் எரியாத கர்ப்பூரமும் கூடப் படிந்தால் கண் எரியும்.

எண்ணெயில் குழைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரிக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய் என்றால் உடனே நனையும். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து தெரியக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவியதும் இதே வேதியியல்தான். விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் சுமார் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம், அதிலுள்ள, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் குழுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் அது தேன் மாதிரிக் கெட்டியாக நிற்கிறது. நெய்யோ தோலின் சூட்டிலேயே இளகும், அதனால் நெய்யில் குழைத்த மை மத்தியானத்துக்குள் கன்னத்துக்கு இறங்கிவிடும். 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் தேன்மெழுகைத் துளி சேர்த்தால் நிற்கும். அழிக்கும்போதும் தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

இனி கசப்பான பகுதி. வீட்டில் செய்தது என்பதாலேயே பாதுகாப்பானது ஆகிவிடாது. அரைகுறையாக எரிந்த கரியில் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் ஒட்டியிருக்கும், புற்றுநோயோடு தொடர்புள்ள ரகங்களும் அதில் உண்டு. லண்டனில் புகைபோக்கி துடைத்தவர்களுக்கு வந்த புற்றுநோயைக் கரியோடு சேர்த்து ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதியது 1775இல். அவர்கள் உடம்பெல்லாம் கரியில் புரண்டவர்கள், நாம் இடுவது ஒரு கோடு, இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இமையின் உள்விளிம்பில் இழுப்பதை விட்டுவிடலாம், கண்ணீர் ஆவியாகாமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் மெய்போமியன் சுரப்பிகளின் வாய் அங்கேதான் வரிசையாகத் திறக்கிறது, மை அதை அடைக்கும். பொடித்துக் கண்ணுக்கு இடும் சுர்மாக்கல் இதைவிட மோசம். பளபளக்கும் அந்தக் கல் பெரும்பாலும் ஈய சல்ஃபைடு. விளக்குக் கரியில் குறைந்தபட்சம் அந்த ஈயம் இல்லை.

குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம், கிருமி போகும், கண்ணீர்க் குழாய் அடைபடும். திருஷ்டிப் பொட்டுக்கு ஜவ்வரிசி மை இருக்கிறது. ஜவ்வரிசியைக் கன்னங்கரேலென்று கருக வறுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைப்பார்கள். மாவுச்சத்தில் ஒரு பங்கு கரியாகும், ஒரு பங்கு சிதைந்து பசையாகும். ஈர விரலால் தேய்த்து எடுத்துக் கன்னத்திலும் உள்ளங்காலிலும் வைக்கலாம், குளிப்பாட்டும்போது போய்விடும்.