கோதிக் என்றால் இருண்மை இல்லை

போன வாரம் நாகர்கோவிலில் ஒரு டப்பிங் படம் பார்த்தோம். பழைய மாளிகை, விடாத மழை, மெழுகுவத்தி, பூட்டிக் கிடக்கிற மாடி அறை, அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வருகிற பெண். ஆங்கிலத்தில் 'கோதிக் ரொமான்ஸ்' என்கிற வகைப் படம் அது, போஸ்டரில் அதைத்தான் 'இருண்மைக் காதல் காவியம்' என்று போட்டிருந்தார்கள். இடைவேளையில் அக்கா மகள் கேட்டாள், "மாமா, இருண்மைன்னா லைட்ட கொறச்சு எடுத்த படமா?" அவள் மேல் தப்பில்லை. படம் எடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். இரண்டரை மணி நேரமும் திரை இருட்டாக இருந்தது, ஆனால் யாரும் பயப்படவும் இல்லை, அந்த இரண்டு பேருக்கும் நடுவில் காதல் இருந்ததாக நம்பவும் முடியவில்லை. பிறகு விமர்சனங்களைப் பார்த்தால் 'இருண்மை நன்றாக வந்திருக்கிறது' என்று பாராட்டு. இந்தச் சொல்லை இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தேன், இனி முடியாது.

கோதிக் என்ற சொல்லின் கதை சின்னதுதான். கோத் என்பது ஒரு ஜெர்மானிய இனம், அதில் ஒரு பிரிவினர் கி.பி. 410இல் ரோம் நகரைச் சூறையாடினார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் கழித்து, இத்தாலிய மறுமலர்ச்சிக்கால அறிஞர்கள் தங்களுக்குப் பிடிக்காத இடைக்காலத் தேவாலயங்களை 'காட்டுமிராண்டிகள் கட்டியது' என்று திட்டுவதற்கு அந்தப் பெயரை எடுத்தார்கள். அவற்றைக் கட்டியது கோத்துகள் இல்லை, ஆனாலும் வசை பெயராக நின்றுவிட்டது. அப்புறம் 1764இல் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஒட்ராண்டோ கோட்டையைப் பற்றி ஒரு நாவல் எழுதி, அடுத்த வருடம் இரண்டாம் பதிப்பில் 'ஒரு கோதிக் கதை' என்று சேர்த்தார். தாத்தா செய்த கொலை பேரன் தலையில் வந்து விடிகிற கதை அது. கதை வகைக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான்.

இதில் இருட்டு எங்கே இருக்கிறது? கோதிக் கட்டடக்கலையின் நோக்கமே வெளிச்சம். பாரிஸுக்குப் பக்கத்தில் செயின்ட் டெனி தேவாலயத்தில் 1140களில் கூர் வளைவும், விலா எலும்பு மாதிரி வளைவுகள் தாங்குகிற கூரையும் வைத்துக் கட்டியபோது, சுவர் தாங்க வேண்டிய பாரத்தைத் தூண்கள் வாங்கிக்கொண்டன, அதனால் சுவர் இருந்த இடத்தில் பெரிய பெரிய வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வைக்க முடிந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், கன்னியாகுமரிக் கடற்கரையில் அலங்கார உபகார மாதா கோயில் நிற்கிறது. கோதிக் பாணியில் கட்டிய அந்த வெள்ளைக் கோயிலைப் பார்த்து யாராவது இருண்மை என்பார்களா?

சரி, கதைக்காவது பொருந்துமா என்றால் அங்கே இன்னும் மோசம். தமிழ் விமர்சனத்தில் இருண்மைக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. புதுக்கவிதையில் பொருள் சட்டென்று பிடிபடாமல் மறைந்து நிற்பதைத்தான் இருண்மை என்கிறோம், அதை வைத்து எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம். அந்தச் சொல்லை எடுத்து நுவார் என்கிற குற்றப் பட வகைக்கும் வைக்கிறார்கள். நுவார் என்பது பிரெஞ்சில் கறுப்பு என்று பொருள்படும் சொல், அதனால் அதையாவது மன்னிக்கலாம். அவல நகைச்சுவைக்கும் இருண்மை, சைக்கோ கொலைகாரன் படத்துக்கும் இருண்மை, இப்போது கோதிக்குக்கும் இருண்மை. இத்தனை பொருளுக்கு ஒரே சொல் என்றால் அது மொழிபெயர்ப்பே இல்லை. மொழிபெயர்ப்பாளர் காதில் 'டார்க்' என்று விழுந்திருக்கிறது, கை தானாக எழுதிவிட்டது. அந்தக் கதை எதனால் நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். 'பேய்க்காதல்' என்று போடுகிறவர்களும் உண்டு. பேயே வராத கோதிக் கதைகள் ஏராளம் என்பதால் அதுவும் ஒத்துவராது.

கோதிக் கதையில் நடப்பது இதுதான்: பழைய குற்றம் ஒன்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு போகாமல் கிடக்கிறது, அங்கே வருகிற ஆளை எது பயமுறுத்துகிறதோ அதுவே இழுக்கவும் செய்கிறது. எங்கள் மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கள்ளியங்காட்டு நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்குத் தெரியும். நகைக்காக, தூங்குகிற பெண்ணைக் காதலனே கொன்றுபோடுகிறான், கள்ளிச்செடிதான் சாட்சி. அடுத்த பிறவியில் அவள் அதே கள்ளிக்கொப்பைக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனுடைய மனைவி என்று சொல்லி வந்து நிற்கிறாள். அவள் இசக்கியம்மனாகி முப்பந்தலில் இன்றும் கும்பிடப்படுகிறாள். குற்றம், காதல், பயம், இடம் எல்லாம் இதில் இருக்கிறது.

இதற்கான சொல்லும் நம்மிடம் இருக்கிறது: அணங்கு, அதாவது ஆளைத் தாக்கி வருத்துகிற சக்தி. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நான்கு இடங்களைச் சொல்லும்போது 'அணங்கே விலங்கே' என்று அணங்கைத்தான் முதலில் வைக்கிறது. வள்ளுவர் அதே சொல்லைக் காமத்துப்பாலுக்குக் கொண்டுபோய், அதன் முதல் அதிகாரத்துக்கே 'தகையணங்குறுத்தல்' என்று பெயர் வைத்து, முதல் குறளில் 'அணங்குகொல்' என்று தலைவனைத் திகைக்க வைக்கிறார். பயமும் மையலும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிற மொழியை வைத்துக்கொண்டு, இருட்டைத் தேடிப் போகிறோம்.

பழைய சொல், யாருக்குப் புரியும் என்று மொழிபெயர்க்கிற நண்பர் ஒருவர் கேட்டார். தினமும் காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'தமிழணங்கே' என்று பாடுகிறார்கள். அங்கே தெய்வப்பெண் என்ற பொருள், இங்கே தாக்குகிற சக்தி என்ற பொருள், இரண்டும் ஒரே வேரில் வந்தவைதான், ஒரு தடவை சொன்னால் புரியும். இருண்மை மட்டும் யார் வீட்டு அடுக்களையில் புழங்கிய சொல்?

கட்டடத்துக்குக் கோதிக் என்றே எழுதலாம், இனப்பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை. கதைக்கு அணங்குக்கதை, காதல் முன்னால் நிற்கிற கதைக்கு அணங்குக்காதல். நீலி கதையைச் சொல்லிவிட்டு இந்தச் சொல்லையும் அக்கா மகளிடம் சொன்னேன். "அப்போ நாம பாத்த படம் அது இல்லியே மாமா" என்றாள்.