வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா?

அரசு உதவித்தொகையை நம்பி வாழ்பவர்களுக்கு வேலை தேடிக்கொடுப்பது என் தொழில். என் எதிரில் வந்து உட்காரும் பலர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, "வேலைக்குப் போனா உதவித்தொகை நின்னுடுமா?" என்று கேட்பார்கள். இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளும் அதிகாரிகள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. குடும்பம் நடத்துகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் திட்டத்தில், உதவித்தொகையைக் குறைக்காத விலக்கு வரம்பைத் தாண்டிக் கைக்கு வரும் ஒவ்வொரு பவுண்டு (100 பென்ஸ்) சம்பளத்துக்கும் உதவித்தொகையில் 55 பென்ஸ் குறையும். 2021 கடைசி வரை 63 பென்ஸ் குறைந்தது. மிஞ்சுவதில்தான் போக்குவரத்துச் செலவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவும்.

அதனால் வேலையைப் பற்றிப் பேசும் முன் ஒரு தாளை எடுத்து, நிற்கப்போகும் பணத்தையும் வரப்போகும் பணத்தையும் தேதியோடு எழுதுவேன். தொகையைவிடத் தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு தாய் அந்தத் தேதிகளின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போய் நிறுத்தி, "இந்த நடுவுல இருக்கிற நாளுக்கு வாடகை?" என்று கேட்டார். முதல் சம்பளம் மாதக் கடைசியில். உதவித்தொகையோ அதற்கு முன்பே குறைந்துவிடும். முதல் மாதம் மட்டும் வாரச் சம்பளமாகத் தர முடியுமா என்று முதலாளியிடம் பேசினோம். சம்மதித்தார். கேட்டால் சம்மதிப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

கனடாவில் 1992இல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். நீண்டகாலமாக உதவித்தொகை பெற்றுவந்த, பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் பெற்றோர், அதை விட்டுவிட்டு வாரம் 30 மணி நேரம் வேலை பார்த்தால், சம்பளத்தோடு மூன்று ஆண்டுவரை கூடுதல் தொகை. இந்தச் சலுகை தரப்படாதவர்களோடு ஒப்பிட்டால், முழுநேர வேலைக்குப் போனவர்கள் கணிசமாகக் கூடினார்கள். தொகை நின்றபின் அந்த வித்தியாசம் படிப்படியாகக் கரைந்தது. ஆக, பணம் வேலைக்குள் அழைத்துவரும். வேலையில் நிலைக்க வேறு துணையும் வேண்டும்.

அந்தத் துணையைத்தான் நாம் சீக்கிரம் விலக்கிவிடுகிறோம். வேலையில் சேர்ந்த அன்றே அவருடைய ஃபைலை மூடிவிடும் வழக்கத்தை விட்டாக வேண்டும். ஷிப்ட் மாறும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு நாளில்தான் வேலை கைவிட்டுப் போகிறது. அன்று கூப்பிட்டுப் பேச ஒரு போன் எண் இருந்தால் போதும், பல வேலைகள் தப்பிக்கும்.

நீங்களே உதவித்தொகை பெறுபவராக இருந்தால், வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அலுவலகத்தில் இதைக் கேளுங்கள்: வேலை போய்விட்டால் மறுபடி உதவி கிடைக்க எத்தனை நாளாகும்? அப்புறம், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.