அவர் சொல்வதும் ஓர் அறிகுறிதான்: கறுப்பினப் பெண்ணியம் மகப்பேற்று அறைக்குக் கற்றுத்தந்தவை

பிள்ளை பெற்று வீடு திரும்பிய ஒரு பெண் சில நாள்கள் கழித்து, தலைவலி தாங்க முடியவில்லை, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தால், அது தூக்கம் கெட்ட அலுப்பா, வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடிய ரத்த அழுத்தமா என்பதைச் சில நிமிடங்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் மகப்பேறு மருத்துவராக இருக்கும் எனக்கு இது அன்றாட வேலை. அந்த முடிவை பி.பி. கருவி மட்டும் எடுப்பதில்லை. அவர் சொல்வதை எதிரில் இருப்பவர் எந்த அளவுக்கு நம்புகிறார் என்பதும் சேர்ந்தே எடுக்கிறது. வந்திருப்பவர் கறுப்பினப் பெண் என்றால் அந்த நம்பிக்கை குறைந்துவிடுகிறது என்று கறுப்பினப் பெண்ணியவாதிகள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவருகிறார்கள். இதை அரசியல் பேச்சு என்று ஒதுக்கிவிடும் மருத்துவர்களை நான் அறிவேன். அவர்களில் தமிழர்களும் உண்டு. என் அனுபவத்தில் இது நோயைக் கண்டறியும் முறையைப் பற்றிய பேச்சு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க அரசின் புள்ளிவிவரப்படி 2023ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 50.3 கறுப்பினத் தாய்மார்கள் இறந்தார்கள். வெள்ளையினத் தாய்மார்களில் இந்த எண்ணிக்கை 14.5. வறுமையும் படிப்பின்மையும்தான் காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் பேறுகால இறப்பு விகிதம், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைவிட அதிகம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2019இல் வெளியிட்டது. அந்த மையத்தின் நோய்ப்பரவலியல் அறிஞர் ஷலோன் இர்விங், 2017 ஜனவரியில், பிள்ளை பெற்ற மூன்றே வாரங்களில், 36 வயதில் இறந்தார். இன ஏற்றத்தாழ்வு உடல்நலத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வுத் துறை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது என்று அந்த வாரங்களில் அவர் மீண்டும் மீண்டும் மருத்துவரிடம் போனவர். படிப்பும் பதவியும் காப்பீடும் இருந்தும் அவர் பிழைக்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது. மறுநாள் மூச்சுத் திணறியதும், முன்பே நுரையீரலில் ரத்தக்கட்டு வந்து அனுபவப்பட்டவர் என்பதால், சி.டி. ஸ்கேனும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தும் உடனே வேண்டும் என்று அவரே கேட்டார். வலிமருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று செவிலியர் நினைத்ததையும், முதலில் கால்களுக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்ததையும், பிறகு எடுத்த சி.டி.யில் நுரையீரலில் ரத்தக்கட்டுகள் தெரிந்ததையும் அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். உலகம் அறிந்த ஒருவர், தன் நோய்க்கான பரிசோதனையையும் மருந்தையும் பெயர் சொல்லிக் கேட்டும் நடந்தது இது. பெயர் அறியப்படாத பெண்கள் கேட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இப்படிப்பட்ட இழப்புகள் ஏன் நெடுங்காலம் கண்ணில் படவில்லை என்பதற்குச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் தந்த விளக்கம் எனக்கு இன்றும் பயன்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆட்குறைப்பில் வேலை இழந்த ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில் 1976இல் தீர்ப்பு வந்தது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது. அவர்கள் வெள்ளையினப் பெண்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது; அவர்கள் ஆண்கள். ஆகவே பெண் என்ற வகையில் பாகுபாடு இல்லை என்றும், இனப் பாகுபாட்டைத் தனி வழக்காகத்தான் பார்க்க முடியும் என்றும், இரண்டையும் சேர்த்து ஒரே முறையீடாகக் கொண்டுவர இடமில்லை என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு பாகுபாடுகளும் சந்திக்கும் இடத்தில் நின்ற பெண்களுக்கு மட்டும் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. மருத்துவமனைகளிலும் இதே பிழை நடக்கிறது. பெண்களின் சராசரி ஒரு பட்டியலிலும் கறுப்பின நோயாளிகளின் சராசரி இன்னொரு பட்டியலிலும் ஆண்டறிக்கையில் வரும். ரத்தப்போக்கால் கருப்பையை இழந்த கறுப்பினப் பெண்கள் எத்தனை பேர் என்று குறிப்பாகக் கேட்டால்தான் மூன்றாவது பட்டியல் தயாராகும்.

இந்த அவநம்பிக்கைக்கு மகப்பேறு மருத்துவத்தின் வேரிலேயே இடம் இருக்கிறது. 1840களில் அலபாமாவின் மான்ட்கோமரியில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தில் சிறுநீர்ப்பை கிழிந்து துன்பப்பட்ட அடிமைப் பெண்களிடம் மயக்கமருந்து இல்லாமல் மீண்டும் மீண்டும் அறுவை செய்து பார்த்துத் தன் முறையைச் செப்பனிட்டார். அனார்ச்சா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்ச்சாவுக்கு மட்டும் சுமார் 30 அறுவைகள். சிம்ஸின் சிலை நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவிலிருந்து 2018இல்தான் அகற்றப்பட்டது. 1961இல் மிசிசிப்பியில் கட்டியை அகற்றப் போன ஃபேனி லூ ஹேமருக்கு அவருடைய சம்மதம் இல்லாமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டத்தின் பெருங்குரலாக அவர் பின்னர் எழுந்தார். இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துத்தான் 1994இல் சிகாகோவில் கூடிய 12 கறுப்பினப் பெண்கள், கருக்கலைப்பு உரிமை மட்டும் போதாது, பிள்ளை பெறவும், பெறாதிருக்கவும், பெற்ற பிள்ளையைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கவும் உரிமை வேண்டும் என்று இனப்பெருக்க நீதி என்னும் கோட்பாட்டை முன்வைத்தார்கள். என் மருத்துவப் படிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பழைய கதை முடிந்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற தவறான நம்பிக்கைகளில் ஒன்றையாவது ஏற்றவர்கள் வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர்; அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். என் துறையில் இதைவிடத் துல்லியமான சான்று ஒன்று உண்டு. முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தவர் அடுத்ததைச் சுகப்பிரசவமாக முயலலாமா என்று பார்க்க ஒரு கணிப்பான் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. வயது, எடை, உயரம், பழைய பிரசவ விவரம் ஆகியவற்றை நிரப்பிவிட்டுக் கறுப்பினத்தவரா என்ற கட்டத்தில் ஆம் என்று குறித்த உடனே, மற்ற எதுவும் மாறாதபோதும் வெற்றி வாய்ப்பின் விழுக்காடு இறங்கும். அந்த எண்ணைக் காட்டி, வேண்டாம் அம்மா, மறுபடியும் அறுவையே செய்துவிடலாம் என்று அறிவுறுத்தப்பட்டவர்கள் எத்தனையோ பேர். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஊடுருவிப் பதியும் ஆபத்து கூடுகிறது. அது கொடும் ரத்தப்போக்கில் முடியும். இனத்தைக் கேட்காத புதிய கணிப்பான் 2021இல்தான் வந்தது. தோல் நிறத்தைப் பொறுத்துக் கருவியே ஏமாற்றுவதும் உண்டு: விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன் குறைந்திருப்பதைக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020இல் தெரியவந்தது. கறுத்த தோல் கொண்ட தமிழர்களும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நோயாளியின் குறிப்பேட்டில் எழுதும் சொற்களை நான் இப்போது மிகுந்த கவனத்துடன் படிக்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்: இரண்டாம் குழந்தை பெற்று ஒரு வாரமான பெண் ஒருவர் தலைவலியோடு வந்தார். முதலில் பார்த்தவர், பதற்றமாக இருக்கிறார், மருந்து வேண்டும் என்று வற்புறுத்துகிறார் என்று எழுதியிருந்தார். பி.பி. 148/96. உடனே சிகிச்சை தொடங்க வேண்டிய 160/110 என்ற வரம்பை அது எட்டவில்லை. அந்தப் பெண்ணோ, வீட்டில் காலையும் மாலையும் தானே பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். 104இல் தொடங்கிய மேல் எண் நாள்தோறும் ஏறிக்கொண்டே வந்தது அந்தத் தாளில் தெரிந்தது. இது என் வழக்கமான தலைவலி இல்லை என்று மூன்று முறை சொன்னார். படுக்கையில் அனுமதித்து, முழங்கால் அனிச்சையைத் தட்டிப் பார்த்து, வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்ஃபேட் மருந்தைத் தயாராக வைக்கச் சொன்னோம். ஒரு மணி நேரத்தில் அழுத்தம் 170ஐத் தாண்டியது. வலிப்பு வரவில்லை, அவர் நலமாக வீடு திரும்பினார். அந்தத் தாள்தான் நோயைக் காட்டிக்கொடுத்தது. பதற்றம் என்ற சொல் அதை மறைத்துக்கொண்டிருந்தது. கறுப்பின நோயாளிகளின் குறிப்பேட்டில் இத்தகைய எதிர்மறைச் சொற்கள் இடம்பெறும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று சிகாகோவில் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2022இல் காட்டியது.

எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறோம், பிறகென்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நல்ல மனத்தை நம்பாமல், முறையை மாற்றுங்கள். ரத்தப்போக்கைக் கண்ணளவில் மதிப்பிடுவதை விட்டு, நனைந்த துணிகளை எடைபோட்டால், யார் படுத்திருந்தாலும் தராசு ஒரே எண்ணைத்தான் காட்டும். கலிஃபோர்னிய மருத்துவமனைகள் ரத்தப்போக்குக்கான இத்தகைய நடைமுறைகளைப் பின்பற்றியபோது, ரத்தப்போக்கால் வரும் கடும் பாதிப்புகளில் கறுப்பின, வெள்ளையினத் தாய்மார்களுக்கு இடையிலான இடைவெளி குறைந்தது. என்னிடம் பயிற்சி பெறுபவர்கள் காலைச் சுற்றில் நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது, முதல் வாக்கியம் அவரே சொன்ன சொற்களாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

பேறுகால இறப்புகளில் பாதிக்கும் மேல் பிரசவமான ஒரு வாரத்துக்குப் பிறகு, ஓராண்டுக்குள் நடக்கின்றன. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடோ பிரசவமான 60 நாளில் முடிந்துபோனது. கறுப்பினப் பெண்கள் அமைப்புகளும் பிறரும் விடாமல் கேட்டதன் பேரில், 2021ஆம் ஆண்டுச் சட்டம் அதை 12 மாதமாக நீட்டிக்க மாநிலங்களுக்கு வழிசெய்தது. காப்பீடு நீண்டாலும், மூச்சிரைப்போடு அவசரப் பிரிவுக்கு வரும் பெண் நான்கு மாதத்துக்கு முன் பிள்ளை பெற்றவர் என்பது அங்கிருப்பவருக்குத் தெரிவதில்லை, ஏனெனில் குழந்தை அப்போது பாட்டியிடம் இருக்கும். ஆகவே அவசரப் பிரிவில் பணிபுரியும் நண்பர்கள், பெயரும் பிறந்த தேதியும் கேட்கும் அதே மூச்சில், கடந்த ஓராண்டுக்குள் கர்ப்பமாக இருந்தீர்களா என்பதையும் கேட்டு, அவர் சொல்லும் பதிலைக் குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.