12 மில்லிமீட்டர் வளைவு

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மலைப்பாதையில் பேருந்து ஓட்டுபவர். "2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் நம்ம காஷ்மீர்ப் பையன் ஆரிஃப் கான் பனியில சறுக்கின வீடியோ பார்த்தேன் சார். பஸ்ஸுக்கு ஸ்டியரிங் இருக்கு, பிரேக் இருக்கு. அந்த ரெண்டு பலகைக்கு ஒண்ணுமே இல்லையே, எப்படித் திரும்புது? காலால திருப்புறாங்களா?"

அருமையான கேள்வி. பதிலின் முதல் வரி இது: காலால் திருப்புகிறவர் தோற்றுப்போவார். பலகை தானாகத் திரும்ப வேண்டும்.

அவர் பார்த்த போட்டியின் பெயர் ஜெயண்ட் ஸ்லாலம். மலைச்சரிவில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறிக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து வளைந்து இறங்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. ஆண்களுக்கு மேலிருந்து கீழ்வரை செங்குத்து உயரம் 250 முதல் 450 மீட்டர். அதே சரிவில் இரண்டு முறை இறங்குவார்கள், இரண்டாம் முறை கம்பங்களை இடம் மாற்றி நட்டுவிடுவார்கள். இரண்டு நேரங்களையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்குத் தங்கம். வேகம் பெரும்பாலும் மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர். பெய்ஜிங்கில் சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் வென்றார். இரண்டாவதாக வந்த ஸ்லோவேனியாவின் ஜான் கிரான்யெட்ஸுக்கும் அவருக்கும் இடைவெளி 0.19 விநாடி. பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த நாளில் எதிரே சரியாகத் தெரியாத சரிவில் பலர் விழுந்தார்கள். ஆரிஃப் கான் இரண்டு முறையும் விழாமல் இறங்கி 45ஆம் இடம் பிடித்தார். அந்த ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போனவர் அவர் ஒருவர்தான்.

சரி, வளைவுக்கு வருவோம். இதை ஓட்டுநருக்கு விளக்குவது சுலபம், ஏனென்றால் அவருக்கு ஏற்கெனவே பாதி தெரியும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அப்படி ஒரு வளைவின் ஆரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் ஒவ்வொரு பயணியையும் வளைவுக்குள் இழுத்துப்பிடிக்க அவர் எடையில் ஆறில் ஒரு பங்கு விசை போதும். பக்கத்து ஆள்மேல் லேசாகச் சாய்கிறோமே, அவ்வளவுதான். பள்ளியில் படித்த மையநோக்கு விசை, வேகத்தின் இருமடிப்படி கூடும். அதே வளைவில் சறுக்கு வீரர் 60 கிலோமீட்டரில் வருகிறார். வேகம் மூன்று மடங்கு, விசை ஒன்பது மடங்கு. அதாவது தன் எடையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு விசை அவரைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். உலர்ந்த தார் ரோட்டில் பேருந்து டயர்கூட இந்தப் பிடியைத் தராது. அவர் நிற்பதோ வழுக்குவதற்கென்றே மெழுகு தடவிய பலகையில், பனிக்கட்டியின் மேல்.

அப்படியானால் அந்தப் பிடி எங்கிருந்து வருகிறது? உராய்விலிருந்து இல்லை. பலகையின் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு பதித்திருக்கும். பலகையைச் சாய்த்ததும் அந்த விளிம்பு பனிக்கட்டியை வெட்டி ஒரு குறுகிய படியை உண்டாக்குகிறது. வீரர் அந்தப் படியின் மேல் நிற்கிறார். எடை கீழே, வளைவின் தள்ளல் வெளியே. இரண்டும் சேர்ந்த மொத்த விசை நேராகப் படிக்குள் இறங்கும்படி உடலைச் சாய்த்துக்கொள்கிறார். நம் கணக்குக்கு அந்தச் சாய்வு 55 டிகிரி. வீடியோவை நிறுத்திப் பார்த்தால் இடுப்பு பனியைத் தொடுகிற மாதிரி தெரிவது இதனால்தான். கால்கள் சுமக்கும் பாரம் உடல் எடையின் இரண்டு மடங்கைத் தாண்டுவது போட்டிகளில் சாதாரணம்.

இவ்வளவும் பிடிமானக் கதை. திரும்புவது எப்படி? இங்கேதான் நான் கொஞ்சம் நிதானமாக உட்காரப் போகிறேன், ஏனென்றால் விளையாட்டுச் சாமான்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

சறுக்குப் பலகையை மேலிருந்து பாருங்கள். முன்னும் பின்னும் அகலம், நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். அதனால் அதன் பக்க விளிம்பு நேர்கோடாக இல்லாமல் ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டாக இருக்கிறது. ஆண்கள் ஜெயண்ட் ஸ்லாலம் பலகைக்கு அந்த வட்டத்தின் ஆரம் குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பலகையின் நீளம் 193 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. பனியைத் தொடும் பகுதி சுமார் 1.7 மீட்டர் என்று வைத்து வடிவியல் போட்டால், நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும் அளவு வெறும் 12 மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம். எல்லா மாயமும் இதற்குள்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகை எந்த வீட்டிலும் இருக்கும், அதில் கெட்டியான அட்டையாக ஒன்று எடுங்கள். நீளமான பட்டையாக வெட்டி, ஒரு பக்க விளிம்பை மட்டும் உள்பக்கமாக மெல்லிய வில்லாகக் கத்தரியுங்கள். அந்த விளிம்பு மேசையில் படும்படி அட்டையைச் சாய்த்துப் பிடியுங்கள். இரண்டு முனைகளும் மேசையைத் தொடும், நடுப்பகுதி தொடாது. அடியில் மெல்லிய இடைவெளி தெரியும். இப்போது நடுவில் விரலால் அழுத்துங்கள். அட்டை வளைந்து விளிம்பு முழுவதும் மேசையில் படிந்துவிடும். அந்த விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். நீங்கள் கத்தரித்த வில்லைவிட அதிகமாக வளைந்த வில் கிடைத்திருக்கும். அட்டையை இன்னும் சாய்த்து அழுத்தினால் இன்னும் இறுக்கமான வில்.

பனியிலும் இதுவேதான். அழுத்துவது விரல் இல்லை, இரண்டு மடங்கு எடையுள்ள ஒரு மனிதர், அவ்வளவுதான் வேறுபாடு. பலகையை 60 டிகிரி சாய்த்தால், 12 மில்லிமீட்டர் இடைவெளியை மூட அது சுமார் 21 மில்லிமீட்டர் வளைந்தாக வேண்டும். அப்போது பனியில் பதியும் வில்லின் ஆழம் 24 மில்லிமீட்டர், சரியாக இரட்டிப்பு. ஆழம் இரட்டித்தால் ஆரம் பாதி. 30 மீட்டர் பலகை 15 மீட்டர் வட்டத்தில் திரும்பத் தொடங்குகிறது. சூத்திரமாகச் சொன்னால், பலகையின் ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் வளைவின் ஆரம் வரும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

ஆக, ஸ்டியரிங் என்பது சாய்வுதான். பலகையின் முன்முனை வெட்டிய பள்ளத்திலேயே நடுப்பகுதியும் வால்பகுதியும் வழுவாமல் பின்தொடர்ந்தால் பனியில் கத்தியால் கீறியதுபோல ஒரே கோடு விழும். பனியைச் செதுக்கி எறியும் வேலை இல்லாததால் வேகம் அப்படியே மிஞ்சும். காலால் முறுக்கித் திருப்பினால் பலகை குறுக்கே நின்று பனியைச் சுரண்டும். பின்னால் வெள்ளைப் புகைபோலப் பறக்கும் தூளெல்லாம் வீரர் செலவழித்த வேகம்தான்.

அப்படியானால் எல்லோரும் சுத்தமாகக் கீறிக்கொண்டே இறங்கலாமே? முடியாது. காரணத்தையும் அதே சூத்திரம் சொல்கிறது. அதிகம் சாய்ந்தால் வளைவு இறுகும், வளைவு இறுகினால் விசை கூடும், விசை கூடினால் இன்னும் சாய வேண்டும். இந்தத் துரத்தலுக்கு ஒரு முடிவு உண்டு. சமதளத்தில் கணக்குப் போட்டால், பலகையின் ஆரத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த வேகத்துக்கு மேல் எந்தச் சாய்விலும் சமநிலை கிடைக்காது. 30 மீட்டர் பலகைக்கு அது விநாடிக்கு 17 மீட்டர் சொச்சம், அதாவது மணிக்கு சுமார் 62 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் விளிம்பு படியிலிருந்து நழுவியே தீரும். வீரர்கள் இறங்குவதோ பல இடங்களில் 70. எனவே கொஞ்சம் சறுக்கிச் செதுக்குவது தவிர்க்க முடியாதது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. கெட்டிக்காரர்கள் வளைவின் தொடக்கத்தில், பலகையின் மேல் இன்னும் பாரம் ஏறாத நேரத்தில், அதை லேசாக நழுவவிட்டுத் திசையைச் சரிசெய்துகொள்கிறார்கள். பிறகு ஒரே அழுத்தமாக விளிம்பைப் பதிக்கிறார்கள். கம்பத்தைத் தாண்டிய பிறகு நழுவினால் தாமதம்தான். ஓடர்மாட்டின் 0.19 விநாடியை மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் தூரமாக்கினால் மூன்றரை மீட்டர்கூட வராது. எந்த வளைவில் எவ்வளவு நழுவினார்கள் என்பதில் தொலைந்து போகிற தூரம் அது.

பலகையின் ஆரத்தை விதியில் எழுதி வைத்ததற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. முன்பு குறைந்தபட்ச ஆரம் 27 மீட்டர். ஆரம் சின்னதாக இருந்தால் பலகை ஆவேசமாகத் தானே திரும்பும். வீரர் சமநிலை இழந்த நொடியிலும் விளிம்பு பனியைக் கவ்வி இழுக்க, கால் ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாக முழங்கால் தசைநார் கிழியும். பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2006 முதல் காயங்களை முறையாகப் பதிவு செய்தது, சால்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்டு அளந்து பார்த்தது. அப்புறம் 2012-13 பருவத்திலிருந்து ஆரத்தை 35 மீட்டராக உயர்த்தியது. வீரர்கள் கொதித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியவர் அமெரிக்காவின் டெட் லிகெட்டி. அதே அக்டோபரில் ஆஸ்திரியாவின் சோல்டனில் புதிய பலகையோடு முதல் பந்தயம். லிகெட்டி 2.75 விநாடி இடைவெளியில் வென்றார்! விநாடியில் நூறில் ஒரு பங்கை எண்ணும் விளையாட்டில் இது ஒரு யுகம். திரும்ப மறுக்கும் பலகையைத் திருப்ப வேண்டுமானால் சீக்கிரமே, நிறையவே சாய வேண்டும். அது அவருக்கு முன்பே கைவந்த வித்தை. 2013 உலகச் சாம்பியன் பட்டமும் 2014 சோச்சி ஒலிம்பிக் தங்கமும் அவருக்கே. 2017-18இல் விதி 30 மீட்டருக்கு இறங்கி வந்தது.

இதில் எனக்குப் பொறாமை உண்டு. சில நூறு பேர் ஆடும் ஒரு விளையாட்டில் முழங்கால் ஏன் கிழிகிறது என்று வருடக்கணக்கில் பணம் போட்டு அளக்கிறார்கள். நம் மலைப்பாதைகளில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் வண்டிகள் கவிழ்வதை நாம் ஏன் அப்படி அளப்பதில்லை? பிரேக்கில் ஒரு வெப்பமானி, ஒரு முடுக்கமானி, ஓர் ஆராய்ச்சி மாணவர். பெரிய செலவு இல்லை. அடிவாரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு மலையேறி, திரும்பும்போது நான்காவது கியரில் இறங்கும் சமவெளிக் கார்களை நம் ஓட்டுநர்கள் தினம் பார்க்கிறார்கள். பழத்தின்மேல் எனக்கு வருத்தம் இல்லை, கியரின்மேல்தான். இந்த மலைக்கு ஆராய்ச்சிப் பணம் வந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. உதகை பக்கம் முத்தொரையில், இந்த ஊரின் அட்சரேகையான 11 டிகிரிக்குச் சமமாகச் சரிந்த ஒரு மலைப்பக்கத்தைத் தேடிப்பிடித்து, 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டினார்கள். 1970 முதல் அது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சரிவு ஒன்றைச் சரியாகப் பயன்படுத்த நமக்கும் தெரியும்.

அதே வாசகர் கடைசியில் ஒன்று சேர்த்திருக்கிறார்: "ஜனவரியில தலைகுந்தாவுல புல்லெல்லாம் வெள்ளையா கிடக்குதே, அதுல சறுக்க முடியாதா?"

முடியாது. அது காற்றின் ஈரம் புல்லின் மேல் படிந்து உறைந்தது, சில மில்லிமீட்டர்கூடத் தேறாது, வெயில் ஏறினால் போய்விடும். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், ஆரிஃப் கான் சறுக்கிப் பழகிய குல்மார்க்கும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஆனால் அது 34 டிகிரி வடக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் அங்கே பனியைக் கொட்டுகின்றன, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னொன்று, பந்தயத்துக்குப் புதுப்பனியும் ஆகாது. பஞ்சுபோன்ற பனியில் எஃகு விளிம்பு படி வெட்டினால் அது வீரரின் பாரத்தில் இடிந்து விழும், பின்னால் வருபவருக்குக் குழிதான் மிஞ்சும். அதனால் துளையுள்ள குழாய்களால் பனிக்குள் தண்ணீரைப் பீய்ச்சி, இரவில் இறுக உறையவிட்டு, கல்போன்ற சரிவாக்குகிறார்கள். பெய்ஜிங் சரிவு முழுக்க எந்திரம் செய்த பனி. வெயில் சுடும் நாட்களில் மேலே உப்புத் தூவுவதும் உண்டு. உப்பு மேல்பரப்பைக் கொஞ்சம் உருக்கும், உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள பனியிலிருந்தே உறிஞ்சும், அடியில் உள்ளது இன்னும் குளிர்ந்து இறுகும். இந்த வித்தை கொஞ்ச நேரம்தான் செல்லும். அதற்குள் எல்லோரும் இறங்கி முடிக்க வேண்டும்.

கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. குளிர்காலத்தில் தொடக்கநிலை வகுப்புகள் நடத்துகிறார்கள். முதல் நாள் அங்கே சொல்லித்தருவது சாய்வதை அல்ல, பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்னால் அகட்டி, பனியைச் சுரண்டி நிற்பதைத்தான்.